எலுமிச்சைப் புல் வளர்ப்போம், அளவறிந்து பயன்படுத்துவோம்

(உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நெல், கரும்பு, வாழை, கடலை என்று பலமுறை பேசியிருக்கிறோம். இன்று உங்களில் பலர் வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொண்டு, பயிர் என்றே எண்ணாத ஒரு புல்லைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கிணற்றடியில் ஒரு தூர், வேலியோரத்தில் ஒரு தூர் என்று நிற்கும். மழைக்காலத்தில் யாருக்காவது சளி பிடித்தால் நான்கு இலையை அறுத்துச் சுக்குக் காப்பியில் போடுவீர்கள். அதுதான் எலுமிச்சைப் புல். வாசனைப் புல் என்றும் கர்ப்பூரப் புல் என்றும் சொல்வார்கள். மேற்கு மலையைத் தாண்டினால் கேரளத்தில் இதற்கு இஞ்சிப்புல் என்று பெயர். அதிலிருந்து எடுக்கும் எண்ணெய் புல்தைலம். இலங்கையில் சிங்களவர் இதைச் சேர என்பார்கள். மலேசியாவுக்குப் போய் வந்தவர்களுக்குச் செராய் என்றால் உடனே புரியும்.

இந்தப் புல்லைப் பற்றி இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. ஒன்று, "ஐயா, இதை ஒரு ஏக்கரில் போட்டால் பணம் வருமா?" என்பது. மற்றொன்று, "இந்தக் கஷாயம் குடித்தால் காய்ச்சல் போகுமா?" என்பது. இரண்டுக்கும் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது உங்களை ஏமாற்றியதாகும். விவரமாகச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எது எலுமிச்சைப் புல்?

முதலில் பயிரை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஒரே குடும்பத்தில் அக்கா தங்கைகளைப் போல மூன்று வாசனைப் புற்கள் உள்ளன. எலுமிச்சைப் புல், சிட்ரோனெல்லா புல், பாமரோசா புல். பார்வைக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். தண்டின் அடி சிவப்பாக இருந்தால் சிட்ரோனெல்லா, வெளுப்பாக இருந்தால் எலுமிச்சை என்று சிலர் சொல்வார்கள். இதை நம்பிவிட வேண்டாம். எலுமிச்சைப் புல்லிலேயே சிவப்புத் தண்டு கொண்ட வகை இருக்கிறது. எண்ணெய்க்கு அதுவே சிறந்தது.

ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளிய மணம் வந்தால் அது எலுமிச்சைப் புல். கொசுவிரட்டித் தைலத்தின் நெடி வந்தால் சிட்ரோனெல்லா. ரோசாப் பூவின் மணம் கலந்து வந்தால் பாமரோசா. குடிப்பதற்கு எலுமிச்சைப் புல்லை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கொசுவிரட்டிப் புல்லைக் கஷாயம் போட்டுக் குடிக்கக் கூடாது.

எலுமிச்சைப் புல்லிலும் இரண்டு முக்கிய இனங்கள் உண்டு. ஒன்று, சமையலுக்கும் தேநீருக்கும் ஏற்றது. இதன் தண்டின் அடிப்பகுதி தடித்துச் சாறாக இருக்கும், பூப்பது அபூர்வம், எனவே தூர் பிரித்துத்தான் நடவேண்டும். இதை மேற்கிந்திய எலுமிச்சைப் புல் என்பார்கள். மற்றொன்று, நம் மலபார்ப் பக்கத்துக்கே உரிய கிழக்கிந்திய எலுமிச்சைப் புல். உயரமாக வளரும், பூத்து விதை கட்டும், எண்ணெய் எடுப்பதற்கு இதுவே ஏற்றது. வீட்டுத் தேவைக்கு நடுபவர் முதல் இனத்தையும், எண்ணெய்க்கு நடுபவர் இரண்டாவது இனத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மணத்துக்குக் காரணம் என்ன?

இலையிலுள்ள எண்ணெயில் சிட்ரால் என்னும் பொருள் நூற்றுக்கு 75 முதல் 85 பங்கு வரை இருக்கிறது. எலுமிச்சை மணத்தைத் தருவது இதுதான். சோப்பு, வாசனைப் பொருள்கள், குளிர்பானங்கள் ஆகியவற்றில் இது சேர்கிறது. சிட்ராலிலிருந்து அயோனோன் என்னும் பொருளைத் தயாரிக்கிறார்கள். அதிலிருந்து வயலட் பூவின் மணமுள்ள அத்தரும், வைட்டமின் 'ஏ'யும் செய்யப்படுகின்றன. நம் கிணற்றடிப் புல்லுக்கு இத்தனை உறவுகள்!

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகச் சந்தைக்குப் போன எலுமிச்சைப் புல் எண்ணெயில் பெரும்பகுதி கேரள மலைச்சரிவுகளில் வடிக்கப்பட்டது. கொச்சித் துறைமுகம் வழியாகப் போனதால் வெளிநாட்டார் அதற்குக் கொச்சி எண்ணெய் என்றே பெயர் வைத்தார்கள். இந்தப் பயிருக்கென்றே 1951ஆம் ஆண்டில் எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அது கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. பிறகு குவாத்தமாலா போன்ற நாடுகளும் எண்ணெயை விற்க வந்தன. தொழிற்சாலைகளில் செயற்கைச் சிட்ராலும் செய்யத் தொடங்கினார்கள். இதனால் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து வந்திருக்கிறது. இந்தப் பழைய கதையை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பயிரின் விலை உள்ளூர்ச் சந்தையில் மட்டும் முடிவாவதில்லை என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

மண்ணும் தட்பவெப்பமும்

வெப்பமும் ஈரமும் கலந்த இடங்களில் இப்பயிர் செழித்து வளரும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் வரை பயிரிடலாம். மழை நன்றாகப் பெய்யும் மலையடிவாரங்களில் மானாவாரியாகவே வரும்; மழை குறைந்த சமவெளியில் பாசனம் வேண்டும். செம்மண், சரளை மண், சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண் என்று எதிலும் வளரும். வேறு பயிருக்கு உதவாத சரிவு நிலத்திலும் வேர் பிடித்து நிற்கும். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டால் மண் அரிப்பையும் தடுக்கும். ஆனால் ஒன்றை மட்டும் இந்தப் புல் பொறுக்காது. அது தண்ணீர் தேக்கம். வேரில் தண்ணீர் நின்றால் தூர் அழுகிவிடும். ஆகையால் நெல் வயலின் பள்ளப் பகுதியில் நடவேண்டாம்.

ஆடும் மாடும் பொதுவாக இதை விரும்பி மேய்வதில்லை. வேலி போட வசதியில்லாத சிறு விவசாயிக்கு இது ஒரு நன்மை.

இரகங்கள்

ஓடக்காலி நிலையம் வெளியிட்ட ஓ.டி. 19 என்னும் சுகந்தி இரகம் மானாவாரிக்கு ஏற்றது. சிவப்புத் தண்டு உடையது. எண்ணெயில் சிட்ரால் 80 முதல் 85 விழுக்காடு இருக்கும். இலக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் பிரகதி, காவேரி, கிருஷ்ணா முதலிய இரகங்களை வெளியிட்டிருக்கிறது. இரகம் எதுவானாலும் நாற்றை ஆராய்ச்சி நிலையத்திலோ நம்பிக்கையான நாற்றங்காலிலோ வாங்குங்கள். வாங்கும்போதே ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்.

நடவு

விதை மூலமும் நாற்று விடலாம். எக்டருக்கு 3 முதல் 4 கிலோ விதை போதும். சித்திரை, வைகாசியில் மேட்டுப்பாத்தியில் விதைத்து, இரண்டு மாத நாற்றைத் தென்மேற்குப் பருவமழையோடு நடலாம். ஆனால் விதையிலிருந்து வரும் செடிகள் எல்லாம் ஒரே தன்மையாக இருப்பதில்லை. சிறு விவசாயிகளுக்கு நான் சொல்வது தூர் பிரித்து நடும் முறையே.

நன்றாக வளர்ந்த ஒரு குத்தைத் தோண்டி எடுங்கள். மேல் இலைகளை ஒரு சாண் உயரத்துக்கு வைத்து அறுத்துவிடுங்கள். பழைய, காய்ந்த வேர்களைக் கழித்துவிட்டு, வேரோடு கூடிய தூர்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுங்கள். நிலத்தை இரண்டு மூன்று முறை உழுது, ஏக்கருக்கு 4 டன் தொழு உரம் இட்டுப் பார் பிடித்து, குழிக்கு இரண்டு தூராக நடவேண்டும். ஆழம் 5 முதல் 8 சென்டிமீட்டர் போதும். ஆழமாகப் புதைத்தால் மழையில் அழுகும்.

வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 14,500 குழிகள் வரும். நட்டவுடன் மழை இல்லையென்றால் உயிர்த்தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு மண்ணைப் பொறுத்து 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை பாசனம் செய்தால் போதும்.

முதல் ஒரு மாதம்தான் களைக்கும் புல்லுக்கும் போட்டி. அந்த 30 நாட்களுக்குள் இரண்டு கைக்களை எடுத்துவிடுங்கள். தூர் கட்டிவிட்டால் பிறகு புல்லே களையை அடக்கிவிடும். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒரு கொத்து கொடுத்து மண் அணைக்க வேண்டும்.

உரமிடுதல்

பாசனப் பயிருக்கு ஏக்கருக்கு ஓர் ஆண்டில் 40 கிலோ தழைச்சத்து, 16 கிலோ மணிச்சத்து, 16 கிலோ சாம்பல்சத்து கொடுக்கலாம். இது 87 கிலோ யூரியா, 100 கிலோ சூப்பர் பாஸ்பேட், 27 கிலோ பொட்டாஷ் ஆகும். சூப்பரையும் பொட்டாஷையும் அடியுரமாக இட்டுவிடுங்கள். யூரியாவை மட்டும் நான்கு பங்காகப் பிரித்து, நட்ட ஒரு மாதத்தில் ஒரு பங்கும், ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகு ஒரு பங்குமாக இடுங்கள். மண் பரிசோதனை செய்து, அதன்படி அளவைக் கூட்டிக் குறைப்பது மேலும் நல்லது. எண்ணெய் வடித்த சக்கையை மட்கவைத்து நிலத்துக்கே திருப்பித் தந்தால் உரச் செலவு குறையும். வீட்டுக்குத் தேநீர் இலை எடுக்கும் நான்கு தூருக்கு யூரியா தேவையில்லை. தொழு உரம் போதும்.

பூச்சியும் நோயும் இந்தப் பயிரை அதிகம் வாட்டுவதில்லை. சில இடங்களில் தண்டுத் துளைப்பானும், ஈரக் காலங்களில் இலைக்கருகலும் துருநோயும் வரும். நோய் கண்ட இலைகளை அறுத்து எரித்துவிடுங்கள். நோயுற்ற குத்திலிருந்து தூர் எடுக்காதீர்கள். குடிப்பதற்கு இலை எடுக்கும் பயிரின்மேல் பூச்சி மருந்து தெளிக்கவே கூடாது.

அறுவடை

நட்ட 90ஆம் நாள் முதல் அறுவடைக்கு வரும். அதன்பின் 50 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். பாசனம் உள்ள இடத்தில் ஆண்டுக்கு 4 முதல் 6 அறுவடையும், மானாவாரியில் அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரம் விட்டு அறுக்க வேண்டும். ஒட்ட அறுத்தால் மறுதழைவு குறையும். மழை நாளில் அறுக்க வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில் அறுத்தால் எண்ணெய் கூடும். அறுவடையைத் தள்ளிப்போட்டு முற்றவிட்டாலும் எண்ணெய் குறையும். ஒருமுறை நட்ட பயிர் 5 ஆண்டுகள் வரை இலாபகரமாக நிற்கும். இலையின் ஓரம் கத்திபோல் கூர்மையாக இருக்கும்; அறுக்கும் பெண்கள் கையில் துணி சுற்றிக்கொள்வது நல்லது.

எண்ணெய் வடித்தல்

அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் வாடவிட்டால் ஈரம் குறைந்து, கொப்பரையில் அதிகப் புல் கொள்ளும், விறகும் மிச்சமாகும். குவித்து வைத்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். பரப்பி வைக்க வேண்டும். வடிகொப்பரையில் புல்லை அடைத்து, அதன் ஊடே நீராவியைச் செலுத்தினால், ஆவியோடு எண்ணெயும் கிளம்பி வரும். அதைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திய குழாயின் வழியே செலுத்திக் குளிரவைத்தால் தண்ணீரும் எண்ணெயுமாகச் சொட்டும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, மேலே மிதக்கும். அதைப் பிரித்தெடுக்கலாம். ஒரு கொப்பரை வடிய ஏறத்தாழ 2 முதல் 3 மணி நேரம் ஆகும். எண்ணெயை ஈரம் நீக்கி, வெளிச்சம் படாத இடத்தில் அலுமினியம் அல்லது எவர்சில்வர் கலன்களில், காற்று புகாமல் நிரப்பி மூடிவைக்க வேண்டும். வெயிலும் காற்றும் பட்டால் சிட்ரால் கெடும். துருப்பிடித்த தகரத்தில் வைத்தால் நிறமும் கெட்டு விலையும் போகும்.

நடுமுன் கணக்குப் போடுங்கள்

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும்.

1000 கிலோ பச்சைப் புல்லில் கிடைக்கும் எண்ணெய் வெறும் 3 முதல் 4 கிலோ. மீதி எல்லாம் சக்கையும் தண்ணீரும்தான். நல்ல மானாவாரிப் பயிரில் இரண்டாம் ஆண்டு முதல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 8 முதல் 10 டன் புல் வந்தால், எண்ணெய் 24 முதல் 40 கிலோ வரை இருக்கும். முதலாண்டில் இதைவிடக் குறையும். இந்தக் கிலோ எண்ணெயை இன்றைய விலையால் பெருக்குங்கள். அதிலிருந்து நாற்று, களை, அறுவடைக் கூலி, விறகு, வடிக்கும் கூலி, வண்டி வாடகை எல்லாவற்றையும் கழியுங்கள். நிற்பதுதான் உங்கள் பணம். பிறகு, விலை பாதியாக இறங்கினால் என்ன ஆகும் என்று அதே கணக்கை மறுபடியும் போட்டுப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி இரண்டு ஏக்கர் வானம் பார்த்த பூமிக்குச் சொந்தக்காரர். ஒரு வியாபாரி வந்தார். நாற்றை நானே தருகிறேன், எண்ணெயை நானே எடுத்துக்கொள்கிறேன், அடுத்த மாதம் உங்கள் ஊரிலேயே கொப்பரை வைக்கிறேன் என்றார். நாற்றுக்குப் பணத்தை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. புல்லோ நன்றாக வளர்ந்தது. மூன்றாம் மாதம் மார்பளவு நின்றது. நான் போய்ப் பார்த்தபோது அந்த மனிதர் வரப்பில் உட்கார்ந்து, "ஐயா, பயிர் என்னை ஏமாற்றவில்லை. மனுஷன்தான் ஏமாற்றிவிட்டான்" என்றார்.

அடுத்த மாவட்டத்தில் ஒரு கொப்பரை இருந்தது. அங்கே ஒரு டன் புல்லைக் கொண்டுபோக வண்டிக்குக் கொடுத்த வாடகையும், அதிலிருந்து வந்த மூன்றே கிலோ எண்ணெயின் விலையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. இரண்டாவது நடை அவர் போகவில்லை. ஒரு ஏக்கரை உழுதுவிட்டார்.

அவருடைய தவறு என்ன? எண்ணெய்ப் பயிரை நடுவதற்குமுன் கொப்பரையைப் பார்க்கவில்லை. ஆகையால் நான் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் வடிகொப்பரை, இரண்டாவது வாங்குபவர், மூன்றாவதுதான் நாற்று. தனி ஒருவர் அரை ஏக்கருக்காகக் கொப்பரை வைப்பது கட்டாது. பத்துப் பதினைந்து பேர் அருகருகே சேர்ந்து பயிரிட்டு, கூட்டாக ஒரு கொப்பரை அமைத்து, முறை வைத்து அறுத்தால் கட்டும். ஒரே நாளில் எல்லோரும் அறுத்துவிட்டால் பாதிப் புல் கொப்பரைக்காகக் காத்திருந்தே காய்ந்துவிடும். ஒப்பந்தம் பேசினால் எழுத்தில் வாங்குங்கள்.

அந்த விவசாயி பிறகு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். மீதி ஒரு ஏக்கரில் முக்கால் பங்கைக் கடலைக்கு விட்டுவிட்டார். எஞ்சிய புல்லை மேட்டு வரப்புகளில் பிரித்து நட்டார். இலையை அறுத்து, கழுவி, ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, நிழலில் உலர்த்தி, நகரத்திலுள்ள கடைகளுக்குக் கொடுக்கிறார். நான்கு கிலோ பச்சை இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர் இலை தேறுகிறது. பெரிய பணம் இல்லை. ஆனால் கொப்பரையும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். அவர் மனைவியும் மருமகளும் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். வெயிலில் உலர்த்தினால் மணமும் பச்சை நிறமும் போய்விடும் என்பதை அவர்களே இரண்டு முறை கெடுத்துக் கற்றுக்கொண்டார்கள். இப்படி உணவுப் பொருளாக விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தின்மேல் இந்த நோய் தீரும், அந்த நோய் தீரும் என்று அச்சடிக்கக் கூடாது.

வீட்டு வைத்தியத்தில் எலுமிச்சைப் புல்

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

சளி, தொண்டைக் கரகரப்பு, வயிற்று உப்புசம், மந்தம், உடல் அசதி, இலேசான காய்ச்சல் ஆகியவற்றுக்கு நம் மக்கள் இதைக் காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். நாம் மட்டுமல்ல, மேற்கிந்தியத் தீவுகளில் இதற்குக் காய்ச்சல் புல் என்றே பெயர். பிரேசில் நாட்டில் மனம் அமைதிப்படவும் தூக்கம் வரவும் இதன் தேநீரைக் குடிக்கிறார்கள்.

இதில் எவ்வளவு உண்மை? இந்த எண்ணெய் சில பாக்டீரியாக்களையும் பூஞ்சணங்களையும் அடக்குகிறது என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் அடங்குவது வேறு, மனித உடம்பில் நோய் தீருவது வேறு. பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் மனிதர்களுக்கு இந்தத் தேநீரைக் கொடுத்துச் சோதித்து 1986ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். குடித்தவர்களுக்குக் கெடுதல் எதுவும் காணப்படவில்லை. அதே சமயம், தூக்கம் தரும், பதற்றம் தணிக்கும் என்ற நம்பிக்கைக்கும் அந்தச் சோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை. எனவே இதை இதமான பானம், துணை வைத்தியம் என்று கொள்ளுங்கள். நோயை வேரறுக்கும் மருந்து என்று கொள்ள வேண்டாம்.

தேநீர் போடும் முறை: 4 அல்லது 5 பச்சை இலைகளை மண் போகக் கழுவி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் இலையைப் போட்டு, ஐந்து நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்கி, மூடி வையுங்கள். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் மருந்தென்று நீங்கள் நினைப்பதெல்லாம் ஆவியாகிக் கூரைக்குப் போய்விடும். உங்களுக்குக் கிடைப்பது வெந்நீர்தான். இலையின் ஓரத்துச் சுணைகள் தொண்டையை உறுத்தும்; ஆகையால் துணியில் வடிகட்ட வேண்டும். சளிக்கு ஒரு துண்டு இஞ்சியும் நான்கு மிளகும் தட்டிப் போடலாம். இனிப்புக்குக் கருப்பட்டி சேர்க்கலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு டம்ளர் போதும்.

வேது பிடிக்க: மூக்கடைப்புக்கு ஒரு கைப்பிடி இலையைக் கொதிநீரில் போட்டு, பாத்திரத்தைத் தரையில் உறுதியாக வைத்துக்கொண்டு ஆவி பிடிக்கலாம். சிறு குழந்தைகளுக்கு இது வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்து போன குழந்தைகள் உண்டு.

உடல் வலிக்கு: 100 மில்லி தேங்காயெண்ணெயில் 10 சொட்டு புல்தைலம் கலந்து தடவலாம். முதலில் முன்கையில் சிறிதளவு தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ கண்டால் விட்டுவிடுங்கள். கலக்காத தைலத்தை நேராகத் தோலில் தடவக் கூடாது, எரிக்கும். கண்ணிலும் புண்ணிலும் படக் கூடாது.

செய்யக் கூடாதவை

புல்தைலத்தைக் குடிக்கக் கூடாது. இலைத் தேநீர் வேறு, ஒரு டன் புல்லைப் பிழிந்தெடுத்த மூன்று கிலோ எண்ணெய் வேறு. "இலை நல்லதென்றால் எண்ணெய் இன்னும் நல்லது" என்று கணக்குப் போடாதீர்கள். புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கஷாயத்தைக் குடிக்க வேண்டாம். கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கடைசியாக ஒன்று. இதை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன். நான் பள்ளியில் படித்தபோது என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் அம்மா கொல்லையிலிருந்து இந்தப் புல்லை அறுத்து, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தார். வேர்த்தது, காய்ச்சல் விட்டது. மாலையில் மறுபடியும் ஏறியது. மறுபடியும் கஷாயம், மறுபடியும் வேர்த்தது. இப்படியே ஐந்து நாட்கள் போயின. ஒவ்வொரு முறை வேர்க்கும்போதும் "இதோ விட்டுவிட்டது" என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஆறாம் நாள் பையன் பேச்சில் தெளிவில்லாமல் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் மாட்டு வண்டியைப் பூட்டினோம். அது டைபாய்டு. பிழைத்துக்கொண்டான். ஆனால் ஆறு வாரம் பாயில் கிடந்தான், அந்த ஆண்டுப் பரீட்சை போயிற்று, தலைமுடியெல்லாம் கொட்டிவிட்டது. எங்கள் அம்மா அதற்குப் பிறகும் அந்தப் புல்லை வளர்த்தார், சளிக்குக் கொடுத்தார். ஆனால் காய்ச்சல் என்றால், கஷாயத்தை அடுப்பில் வைக்கும்போதே சுவரில் கரியால் ஒரு கோடு போட்டுவிடுவார். இரண்டாவது கோடு விழுந்தால் வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்தக் கோட்டை உங்கள் வீட்டிலும் போடுங்கள். இன்று டெங்குக் காய்ச்சலும் இருக்கிறது. அதில் காய்ச்சல் விடுவதுபோல் இருக்கும் நாளிலேதான் ஆபத்து தொடங்கக்கூடும். இரண்டு நாளைக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், மூச்சுத் திணறல், தொடர்ந்த வாந்தி, கடுமையான வயிற்று வலி, இரத்தக் கசிவு, மயக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் கஷாயத்தோடு காத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இரண்டு நாள் கூடப் பொறுக்க வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

முடிவாக

வீட்டுக்கு நான்கு தூர் போதும். தண்ணீர் தேங்காத மேட்டில், கிணற்றடி ஈரம் எட்டும் தூரத்தில், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குத்தை வாங்கிப் பிரித்து நடுங்கள். செலவே இல்லை. சரிவு நிலமும் வெற்று வரப்பும் உள்ளவர்கள் வரிசையாக நட்டு மண்ணைக் காப்பாற்றுங்கள். இலையை உலர்த்தி விற்க முடியுமா என்று சிறிய அளவில் செய்து பாருங்கள். ஏக்கர்க் கணக்கில் எண்ணெய்க்காக நட விரும்புபவர்கள், கொப்பரை எங்கே, வாங்குபவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகு வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். மண்ணைப் பரிசோதித்து, நல்ல நாற்று கிடைக்கும் இடத்தைச் சொல்வார்.

இந்தப் புல் நல்ல புல். அதனிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்காதவரை அது யாரையும் கைவிடாது.